புல்லும் பங்காளிச் சண்டையும்: ஈல்கானரசின் கதை

கேள்வி இதுதான்: பாக்தாத்தை அழித்த மங்கோலிய இளவரசர் குலாகு கான் ஈரானை மையமாக வைத்து நிறுவிய ஈல்கானரசு எப்படிப்பட்டது? 1260இல் பாலஸ்தீனத்தின் ஐன் ஜாலூத்தில், எகிப்தை ஆண்ட அடிமை வீரர் மரபினரான மம்லூக்குகளிடம் தோற்றதால்தான் மேற்கே மங்கோலியரின் வெற்றிகள் நின்றுபோயினவா?

ஐன் ஜாலூத் முக்கியமான போர்தான், சந்தேகமில்லை. ஆனால் அங்கே தோற்றது குலாகுவின் படையில் ஒரு சிறு பகுதி. மீதிப் படை அப்போது அஜர்பைஜானில் சேதமில்லாமல் இருந்தது. அதற்குப் பிறகும் மங்கோலியர் பலமுறை சிரியாவுக்குள் வந்தார்கள், ஒருமுறை பெரிய வெற்றியும் பெற்றார்கள். ஆனாலும் சிரியாவைக் கையில் வைத்துக்கொள்ள முடியவில்லை. அதற்கு நான் இரண்டு காரணம் சொல்வேன். ஒன்று, குதிரைக்கான புல். இன்னொன்று, பங்காளிச் சண்டை. ஈல்கானரசின் ஏறத்தாழ எண்பது ஆண்டு வரலாற்றில் பாதி இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்க வேண்டும். 1218இல் செங்கிஸ் கான் அனுப்பிய வணிகக் கூட்டத்தை ஈரானையும் மத்திய ஆசியாவையும் ஆண்ட குவாரசமியப் பேரரசின் எல்லை நகரமான ஒத்ராரில் கொன்றுபோட்டார்கள். அதற்குப் பழிவாங்க அடுத்த ஆண்டே அவர் படையோடு வந்தார். 1220இல் புகாராவும் சமர்கந்தும் விழுந்தன. 1221இல் மெர்வ், நிஷாப்பூர் ஆகிய குராசான் நகரங்களை அழித்தவர் செங்கிஸின் கடைசி மகன் துலுய். இந்த துலுயின் மகன்தான் குலாகு. ஈரானின் வேளாண்மை நிலத்தடிக் கால்வாய்களை நம்பியது. கனாத் என்று சொல்லப்படும் அந்தக் கால்வாய்களை ஆண்டுதோறும் தூர்வாரிப் பராமரிக்க ஆட்கள் வேண்டும். ஊரே காலியானால் கால்வாய் தூர்ந்துபோகும், வயல் பாலையாகும். படை போய்விட்ட பிறகும் சேதம் வளர்ந்துகொண்டே போனதற்கு இதுதான் காரணம்.

அப்புறம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஈரானுக்குச் சரியான உரிமையாளர் இல்லை. 1230இல் சோர்மகான் என்ற தளபதி வந்து, காஸ்பியன் கடலுக்கு மேற்கே உள்ள முகான் சமவெளியில் முகாமிட்டார். அவருக்குப் பின் வந்த பைஜூ 1243இல் கோசே தாக் போரில் அனத்தோலியாவின் செல்ஜுக்குகளைத் தோற்கடித்தார். ஆனால் இவர்கள் யாரும் அரசர்கள் இல்லை, படைத்தலைவர்கள்தான். நிலம் யாருடையது என்ற கேள்வி தொங்கலில் கிடந்தது.

அதற்குப் பதில் தங்களிடம் இருப்பதாக ஒரு குடும்பம் உறுதியாக நம்பியது. செங்கிஸ் தன் மூத்த மகன் ஜோச்சிக்கு, மேற்கே மங்கோலியக் குதிரையின் குளம்பு படும் இடம் வரைக்கும் என்று பங்கு கொடுத்திருந்தார். அந்தக் காலத்தில் மங்கோலியரிடமே அதிகாரியாக இருந்த ஜுவைனி இதை எழுதி வைத்திருக்கிறார். அப்படியானால் முகான், அரான், அஜர்பைஜான் எல்லாமே ஜோச்சியின் வாரிசுகளுக்குத்தான் சேர வேண்டும். இன்றைய ரஷ்யாவின் தெற்குப் புல்வெளிகளை ஆண்ட தங்க நாடோடிக் கூட்டம் இந்த ஜோச்சி வம்சத்தின் அரசுதான்.

1251இல் துலுயின் மூத்த மகன் மோங்கே, மங்கோலியர் எல்லோருக்கும் தலைவரான பெருங்கான் ஆனார். ஜோச்சியின் மகன் பாத்துவின் ஆதரவு இல்லாமல் அவர் அந்தப் பதவிக்கு வந்திருக்க முடியாது. பதவிக்கு வந்ததும் மோங்கே தன் தம்பிகளில் குப்லாயைச் சீனத்துக்கும் குலாகுவை மேற்குக்கும் அனுப்பினார். குலாகு போனது ஒரு படையெடுப்பை நடத்தவா, அல்லது அங்கேயே தனக்கென்று ஓர் அரசை அமைத்துக்கொள்ளவா என்பது கடைசிவரை தெளிவாகவில்லை. ஜோச்சி வம்சத்து இளவரசர்களும் தங்கள் படையோடு குலாகுவுக்குத் துணையாக வந்தார்கள். தாங்கள் பிடித்துக்கொடுக்கும் நிலம் தங்களுக்கே வரும் என்று அவர்கள் நினைத்திருந்தால் அதில் வியப்பில்லை.

குலாகுவின் பயணத் தயாரிப்பைப் பற்றி ஜுவைனி சொல்லும் விவரங்களை நான் விரும்பிப் படிப்பேன். ஒவ்வொரு மங்கோலியப் படைப்பிரிவிலும் பத்துக்கு இரண்டு பேர் எடுக்கப்பட்டார்கள். கல் எறியும் பொறிகளை இயக்கச் சீனத்திலிருந்து ஆயிரம் பேர் கொண்டுவரப்பட்டார்கள். ஆறுகளின் மேல் பாலம் போடப்பட்டது, மாவும் மதுவும் வழியெங்கும் சேமிக்கப்பட்டன. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, மங்கோலியத் தலைநகர் காரகோரத்திலிருந்து ஆமூ தரியா ஆறு வரைக்கும் படை போகும் வழியிலிருந்த மேய்ச்சல் நிலங்களில் வேறு யாரும் கால்நடை மேய்க்கக் கூடாது என்று தடை போடப்பட்டது. ஒரு வீரனுக்கு நான்கைந்து குதிரை வேண்டும், கூடவே குடும்பங்களும் ஆட்டு மந்தைகளும் வரும். தானியக் கிடங்கை நம்பி நடக்கிற படை இல்லை இது, புல்லை நம்பி நகர்கிற ஒரு ஊர். அதனால்தான் 1253இல் கிளம்பியவர்கள் 1256 தொடக்கத்தில்தான் ஆமூ தரியாவைக் கடந்தார்கள்.

முதல் இலக்கு, ஷியா முஸ்லிம்களில் ஒரு பிரிவினரான நிசாரி இஸ்மாயிலிகளின் மலைக்கோட்டைகள். அவர்களின் தலைவர் ருக்னுத்தீன் குர்ஷா 1256 நவம்பரில் மைமூன் திஸ் கோட்டையில் சரணடைந்தார். அடுத்த மாதமே புகழ்பெற்ற அலமூத்தும் கதவைத் திறந்தது. அங்கிருந்த நூலகத்தைப் பார்வையிட ஜுவைனி அனுமதி வாங்கினார். குர்ஆன் படிகளையும் வானியல் கருவிகளையும் சில நல்ல நூல்களையும் எடுத்துவைத்துக்கொண்டு, சமயக் கொள்கை தவறானது என்று தனக்குப் பட்ட மற்றதையெல்லாம் எரித்துவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். அந்த இஸ்மாயிலிகளைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, அவர்களின் நூல்களை எரித்த அதே மனிதர் எழுதியது. எனக்கு இது எப்போதும் வலிக்கிற விஷயம். எல்லாக் கோட்டைகளும் உடனே விழுந்துவிடவில்லை. கிர்த்கூ என்ற கோட்டை மட்டும் 1270 வரை தாக்குப்பிடித்தது.

அடுத்து பாக்தாத். அப்பாசிய கலீபா முஸ்தஃசிம் பதினாறு ஆண்டுகளாகப் பதவியில் இருந்தவர். குலாகுவின் தூதுக்கு இணங்கவும் இல்லை, போருக்கு ஒழுங்காகத் தயாராகவும் இல்லை. 1258 ஜனவரியில் நகருக்கு வெளியே வந்து மோதிய கலீபாவின் படையை, கால்வாய்க் கரையை உடைத்து வெள்ளத்தில் சிக்கவைத்து அழித்தார்கள். ஜனவரி 29இல் முற்றுகை, பிப்ரவரி 10இல் கலீபா சரணடைந்தார். அதற்குப் பின் நகரம் சூறையாடப்பட்டது. பிப்ரவரி 20இல் கலீபாவைக் கொன்றார்கள். அரச ரத்தம் தரையில் சிந்தக் கூடாது என்பது மங்கோலிய வழக்கம் என்பதால், கம்பளத்தில் சுருட்டி மிதித்துக் கொன்றதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது.

எத்தனை பேர் இறந்தார்கள்? பின்னாளில் எழுதியவர்கள் எட்டு லட்சம், அதற்கும் மேல் என்றெல்லாம் சொல்கிறார்கள். நான்கு ஆண்டு கழித்து பிரான்ஸ் மன்னர் ஒன்பதாம் லூயிக்கு எழுதிய கடிதத்தில் குலாகுவே இரண்டு லட்சத்துக்கு மேல் என்று சொல்கிறார். அவர் பெருமைக்காகச் சொன்ன எண்ணிக்கைதான் அது. அதையும்கூட மிகை என்று தள்ளிவைத்தாலும், நடந்தது ஒரு பேரழிவு என்பதில் மாற்றமில்லை. ஐநூறு ஆண்டு கலீபகம் பாக்தாத்தில் முடிந்தது. நகரத்துக் கிறித்தவர்கள் பெருமளவு தப்பினார்கள். குலாகுவின் பட்டத்தரசி தொகுஸ் காத்தூன், ஆசியாவில் பரவியிருந்த கிறித்தவப் பிரிவான நெஸ்டோரியத்தைச் சேர்ந்தவர், குலாகுவின் தாயும் அப்படியே. அந்தச் செல்வாக்கு அங்கே வேலை செய்தது. அடுத்த ஆண்டு பாக்தாத்தின் ஆளுநராக நியமிக்கப்பட்டவர் யார் தெரியுமா? அலமூத் நூலகத்தைச் சோதித்த அதே ஜுவைனி. இருபது ஆண்டுக்கு மேல் அந்தப் பொறுப்பில் இருந்து, கால்வாய் வெட்டி, நகரத்தை ஓரளவு தூக்கி நிறுத்தியவரும் அவர்தான்.

சரி, சிரியாவுக்கு வருவோம். 1260 ஜனவரியில் அலெப்போ விழுந்தது, மார்ச்சில் டமாஸ்கஸ் சண்டையில்லாமல் பணிந்தது. அந்த நேரத்தில் குலாகு படையின் பெரும்பகுதியோடு வடக்கே திரும்பினார். பத்தாயிரம் முதல் இருபதாயிரம் பேரை மட்டும் கித்புகா என்ற தளபதியிடம் விட்டுவிட்டுப் போனார். இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், மோங்கே இறந்த செய்தி. மோங்கே 1259 ஆகஸ்டில் சீனப் போர்க்களத்தில் இறந்துவிட்டார், அடுத்த பெருங்கான் யார் என்பதில் குப்லாய்க்கும் இன்னொரு தம்பி அரிக் புகேவுக்கும் சண்டை மூண்டது. இதெல்லாம் உண்மை. ஆனால் குலாகு மங்கோலியாவுக்குப் போகவே இல்லை. அஜர்பைஜானில் நின்றுவிட்டார். லூயிக்கு எழுதிய அதே கடிதத்தில் அவரே காரணம் சொல்கிறார்: சிரியாவில் தீவனம் தீர்ந்துவிட்டது, கோடையில் குளிர்ந்த மலைகளுக்கு ஏறுவது எங்கள் வழக்கம். தோல்விக்குச் சாக்கு என்று இதைத் தள்ளிவிட முடியாது. சிரியாவைக் கோடையில் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஏப்ரல் கழிந்தால் பச்சை வறண்டுவிடும். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட குதிரைகளுக்கு அங்கே மேய்ச்சலும் கிடையாது, தண்ணீரும் கிடையாது.

கித்புகாவின் சிறு படையை 1260 செப்டம்பர் 3இல் ஐன் ஜாலூத்தில் எகிப்தின் மம்லூக் சுல்தான் குதுஸ் சந்தித்தார். பாலஸ்தீனக் கடற்கரையிலிருந்த ஆக்ரா (Acre) நகரின் சிலுவைப் போராளிகள் நடுநிலை வகித்து எகிப்தியப் படைக்கு வழிவிட்டார்கள். தளபதி பைபர்ஸ் தலைமையிலான முன்னணிப் படை பின்வாங்கி இழுத்துக்கொண்டு வந்தது. மங்கோலியரின் பழைய தந்திரமே அவர்கள்மேல் திரும்பியது. ஒரு கட்டத்தில் எகிப்தியரின் இடப்பக்கம் சிதறியபோது, குதுஸ் தலைக்கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, தன் முகம் எல்லோருக்கும் தெரிய முன்னே பாய்ந்ததாகச் சொல்வார்கள். கித்புகா கொல்லப்பட்டார். கெய்ரோவுக்குத் திரும்பும் வழியிலேயே குதுஸைக் கொன்று பைபர்ஸ் சுல்தான் ஆனார்.

குலாகு இதற்குப் பழிவாங்கியிருக்க வேண்டும், அதற்கான படையும் இருந்தது. ஆனால் அப்போதுதான் பங்காளிச் சண்டை வெடித்தது. பாத்துவுக்குப் பின் ஜோச்சி வம்சத்தின் தலைவரானவர் அவர் தம்பி பெர்கே, குலாகுவுக்குப் பெரியப்பா மகன். இஸ்லாத்தைத் தழுவியவர், கலீபாவைக் கொன்றதில் கோபம் கொண்டவர். அதைவிடப் பெரிய கோபம், குலாகு அஜர்பைஜானைத் தன் சொந்த நிலமாக்கிக்கொண்டதில்தான். போதாததற்கு, குலாகுவின் படையிலிருந்த ஜோச்சி இளவரசர்கள் மூன்று பேரும் ஒருவர்பின் ஒருவராக இறந்தார்கள். ஒருவருக்கு சூனியம் வைத்த குற்றத்துக்காக மரண தண்டனை, மற்ற இருவரின் சாவிலும் சந்தேகம். தலைவர்களை இழந்த அவர்களின் வீரர்கள் தப்பியோடினார்கள். சிலர் ஆப்கானிஸ்தானின் கசினிப் பக்கம் போனார்கள், சிலர் நேராக எகிப்துக்கே போய்ச் சேர்ந்தார்கள்.

1262இல் போர். குலாகுவின் படை காக்கேசியத்தைத் தாண்டி தெரக் ஆற்றைக் கடந்து, எதிரிகள் விட்டுவிட்டு ஓடிய கூடாரங்களைப் பிடித்துக்கொண்டு விருந்தில் மூழ்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து பெர்கேயின் படை திரும்பி வந்து தாக்கியது. 1263 ஜனவரியில், உறைந்த தெரக் மேல் தப்பியோடியபோது பனி உடைந்து பலர் ஆற்றோடு போனார்கள். ஐன் ஜாலூத்தில் இறந்ததைவிட அதிகமான மங்கோலியர் அங்கே இறந்திருக்கலாம் என்றே எனக்குப் படுகிறது. கொன்றவர்களும் மங்கோலியர்தான். ஆனால் ஐன் ஜாலூத்துக்கு இருக்கும் புகழ் இதற்கு இல்லை.

இந்த வடக்குப் பகை எகிப்துக்கு வரமாக அமைந்தது. பெர்கேயும் பைபர்ஸும் தூதர்களை அனுப்பி உறவு கொண்டார்கள். மம்லூக் படையில் இருந்தவர்கள் பெரும்பாலும் கருங்கடலுக்கு வடக்கேயிருந்து அடிமைகளாக வாங்கிவரப்பட்ட கிப்சாக் துருக்கிய இளைஞர்கள். அந்தப் புல்வெளி பெர்கேயின் ஆட்சியில் இருந்தது. கான்ஸ்டான்டினோபிளின் பேரரசர் எட்டாம் மைக்கேலோடும் ஒப்பந்தம் போட்டு பாஸ்பரஸ் நீரிணை வழியைத் திறந்துவைத்தார்கள். ஆக, ஈல்கான்களை, அதாவது குலாகு வம்சத்து அரசர்களை, எதிர்த்து நின்ற படைக்கு ஆள் போனது ஈல்கான்களின் பங்காளி நாட்டிலிருந்துதான். மம்லூக் வீரனிடம் ஒன்றிரண்டு குதிரைதான் இருக்கும், ஆனால் கொட்டிலில் தானியம் தின்று வளர்ந்த பெரிய குதிரை. மங்கோலியர் வரும் வழியிலிருந்த புல்லை எரித்துவிடவும் மம்லூக்குகள் கற்றுக்கொண்டார்கள். எதிரியின் பலவீனம் எது என்று அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

1265இல் குலாகு இறந்தார். உர்மியா ஏரித் தீவில், பாக்தாத்திலிருந்து வந்த செல்வத்தை வைத்திருந்த இடத்திலேயே, புதைத்தார்கள். மகன் அபாகா பதவிக்கு வந்ததும் செய்த முதல் வேலைகளில் ஒன்று, காக்கேசியத்துக்குத் தெற்கே ஓடும் குரா ஆற்றின் கரையில் அகழியும் அரணும் கட்டியது. எகிப்தைத் தடுக்க இல்லை, பெர்கேயைத் தடுக்க. பெர்கே அந்த ஆற்றைக் கடக்க வழி தேடிக்கொண்டிருக்கும்போதே இறந்துபோனார். கிழக்கே இன்னொரு பங்காளி, செங்கிஸின் இன்னொரு மகன் சகதாயியின் வம்சத்து பராக், குராசானுக்குள் புகுந்தார். 1270இல் ஹெராத் அருகே அபாகா அவரை முறியடித்தார். இப்படி இரண்டு பக்கமும் காவல் நின்றவர், தன் தம்பி மோங்கே தெமூரை 1281 அக்டோபரில்தான் சிரியாவுக்கு அனுப்ப முடிந்தது. ஹோம்ஸ் அருகே நடந்த அந்தப் போரில் மங்கோலியரின் வலப்பக்கம் எதிரியைச் சிதறடித்து நகர வாசல்வரை துரத்திக்கொண்டே போனது. அதற்குள் நடுப்படை உடைந்து, இளவரசர் காயப்பட்டு, மீதிப் பேர் ஓடிவிட்டார்கள். வென்றதாக நினைத்துக் காத்திருந்தவர்களுக்கு அது தெரியவே நேரமாகியது.

படையெடுப்புத் தேதிகளை வரிசையாகப் பாருங்கள். 1260 ஜனவரி, 1281 அக்டோபர், 1299 டிசம்பர். எல்லாம் குளிர்காலம் ஒட்டியவை. மழைக்குப்பின் புல் வரும் சில மாதங்களில் வந்து, வெயில் ஏறுவதற்குள் திரும்ப வேண்டும். 1299 டிசம்பரில் ஹோம்ஸுக்குப் பக்கத்தில் அப்போதைய ஈல்கான் கஸன் மம்லூக்குகளைத் தோற்கடித்து டமாஸ்கஸையும் பிடித்தார். பிப்ரவரியிலேயே திரும்பிவிட்டார், கொஞ்ச நாளில் மம்லூக்குகள் மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டார்கள். 1303 ஏப்ரலில் அனுப்பிய படை டமாஸ்கஸுக்குத் தெற்கே தோற்றது.

தனியாக முடியாது என்று தெரிந்ததால்தான் ஐரோப்பாவை அழைத்தார்கள். அபாகாவின் மகன் அர்கூன், பீக்கிங் பகுதியில் பிறந்த ரப்பான் சௌமா என்ற நெஸ்டோரியத் துறவியை 1287இல் தூதராக அனுப்பினார். அவர் பாரிஸில் நான்காம் பிலிப்பையும், காஸ்கனியில் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டையும், ரோமில் போப்பையும் சந்தித்தார். 1289இல் பிலிப்புக்கு அர்கூன் எழுதிய மங்கோலிய மொழிக் கடிதம், சிவப்பு முத்திரையோடு இன்னமும் பிரான்ஸின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. புலி ஆண்டின் கடைசிக் குளிர்மாதத்தில் புறப்பட்டு, வசந்தத்தின் முதல் மாதம் பதினைந்தாம் நாள் டமாஸ்கஸ் முன்னால் பாளையம் இறங்குவோம், ஜெருசலேமைப் பிடித்தால் உங்களுக்கே தருகிறோம் என்கிறது அது. இங்கேயும் நாள் குறித்தது புல்தான். எதுவும் நடக்கவில்லை. 1291 மார்ச்சில் அர்கூன் இறந்தார், மே மாதம் ஆக்ராவும் மம்லூக்குகள் கையில் விழுந்தது. நீண்ட ஆயுள் வேண்டி, இந்தியாவிலிருந்து வந்த துறவி ஒருவர் தந்த கந்தகமும் பாதரசமும் கலந்த மருந்தை மாதக்கணக்கில் தின்றதுதான் அர்கூனின் நோய்க்குக் காரணம் என்று அரசவை வரலாற்றாசிரியர் ரஷீதுத்தீன் எழுதியிருக்கிறார்.

போரைப் பற்றியே பேசினால் பாதிக் கதைதான். 1259இல் மராகாவில் ஒரு வானாய்வகம் தொடங்கியது. அதை நடத்திய நசீருத்தீன் தூசி, மைமூன் திஸ் கோட்டையிலிருந்து குலாகுவிடம் வந்து சேர்ந்தவர். அங்கே உருவான கோள் அட்டவணைகள் பல தலைமுறைக்குப் பயன்பட்டன. இரண்டு வட்டச் சுழற்சிகளைச் சேர்த்து நேர்கோட்டு அசைவை உண்டாக்கும் தூசியின் கணித உத்தி, ஏறத்தாழ முந்நூறு ஆண்டு கழித்து கோப்பர்நிக்கஸின் நூலிலும் இருக்கிறது.

ஆனால் சாதாரணக் குடியானவரின் நிலைமை கொடுமையானது. ரஷீதுத்தீன் சொல்லும் ஒரு சம்பவம்: யஸ்த் பகுதியில் பிரூசாபாத் என்ற கிராமத்துக்குத் தன் நிலத்தின் வருமானத்தை வாங்க ஒருவர் போகிறார். மூன்று நாள் தேடியும் ஊர்த்தலைவர் ஒருவரைக்கூடப் பார்க்க முடியவில்லை. ஊருக்கு நடுவில் பதினேழு வரி வசூல்காரர்கள் ஆளுக்கொரு உத்தரவுச் சீட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். காட்டிலிருந்து பிடித்துவந்த ஒரு காவலாளியையும் இரண்டு விவசாயிகளையும் கயிற்றில் தொங்கவிட்டு, மற்றவர்கள் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்று கேட்டு அடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரே ஆண்டில் ஒரே வரியைப் பலமுறை வாங்கிய காலம் அது. வசூல்காரர் வருவது தெரிந்ததும் ஊரே தப்பியோடிவிடும்.

கஜானா காலியானபோது, 1294 செப்டம்பரில், அர்கூனுக்குப் பின் வந்த கெய்காத்து கான் தப்ரீஸில் காகிதப் பணத்தைக் கொண்டுவந்தார். சீனத்தில் குப்லாய் செய்ததைப் பார்த்து எடுத்த யோசனை. சீன எழுத்தும் இஸ்லாமிய உறுதிமொழியும் ஒரே தாளில் அச்சாகியிருந்தன. வாங்க மறுத்தால் மரணம் என்று அறிவித்தார்கள். வணிகர் கடையைச் சாத்தினார்கள், சந்தையில் உணவே கிடைக்கவில்லை, நகரமே கொதித்தது. இரண்டே மாதத்தில் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. சீனத்தில் அந்தத் தாளுக்குப் பின்னால் நீண்ட காலப் பழக்கமும் அரசின் மேல் நம்பிக்கையும் இருந்தன. இங்கே அரசு என்றால் கயிற்றில் தொங்கவிடும் வசூல்காரன்தான்.

பாரசீக வளைகுடாவில் மட்டும் பணம் புரண்டது, அதற்கு ஒரு காரணம் நம் பாண்டிய நாடு. கீஷ் தீவின் பெருவணிகர் ஜமாலுத்தீன் திபி, ஈல்கான்களிடம் பார்ஸ் மாகாணத்தின் வரிக் குத்தகையை எடுத்தவர். அவர் ஆண்டுக்கு 1,400 குதிரைகளைத் தன் பொறுப்பிலேயே மாபாருக்கு, அதாவது பாண்டியர் கரைக்கு, அனுப்ப ஒப்பந்தம் இருந்தது. அவருடைய தம்பி தகியுத்தீன் பாண்டிய அரசில் அமைச்சராக இருந்து காயல் முதலிய துறைமுகங்களைக் கவனித்தார். இதை எழுதியவர் வஸ்ஸாப், ஈல்கானரசின் வரலாற்றாசிரியர். வறுத்த பார்லியும் நெய் கலந்த தானியமும் காய்ச்சிய பசும்பாலும் கொடுத்து அங்கே குதிரைகளைப் பாழாக்குகிறார்கள், அதனால்தான் ஆண்டுதோறும் புதிது வேண்டியிருக்கிறது என்கிறார். ஜமாலுத்தீனின் மகன் பக்ருத்தீன் அகமது, கஸன் கானின் தூதராகக் கடல்வழியே சீனத்துக்குப் போனார். திரும்பும் வழியில், மாபாருக்குப் பக்கத்தில் வந்தபோது இறந்தார். மாறவர்மன் குலசேகர பாண்டியன் 1310இல் மகன் கையால் கொல்லப்பட்டதையும் இந்த வஸ்ஸாப்தான் பதிவு செய்திருக்கிறார்.

1295இல் பதவிக்கு வந்த கஸன் கானைத்தான் ஈல்கான்களில் சிறந்த ஆட்சியாளர் என்பேன். பதவிப் போட்டியின் நடுவில் இஸ்லாத்தைத் தழுவினார், அதோடு ஈரானிலிருந்த பௌத்தக் கோயில்களை இடிக்க உத்தரவிட்டார். அந்தச் செயலை நியாயப்படுத்த முடியாது. ஆனால் நிர்வாகத்தில் அவர் செய்தது பெரிய வேலை. ஒவ்வொரு ஊரும் எவ்வளவு வரி, எந்தத் தேதியில் கட்ட வேண்டும் என்பதைக் கல்லிலும் பலகையிலும் எழுதி ஊர்ப் பொது இடத்தில் வைக்கச் சொன்னார். எடை, அளவு, நாணயம் எல்லாவற்றையும் ஒரே தரத்துக்குக் கொண்டுவந்தார். தன் மங்கோலியத் தளபதிகளிடம் அவர் பேசியதாக ஒரு பேச்சு இருக்கிறது: குடியானவரைக் கொள்ளையடிப்பதென்றால் என்னைவிடத் திறமையாக யாரும் செய்ய முடியாது, வாருங்கள் சேர்ந்தே செய்வோம், ஆனால் மாட்டையும் விதையையும் பிடுங்கிவிட்டால் அடுத்த ஆண்டு என்ன சாப்பிடுவீர்கள்? ஆண்டு வருமானம் 1,700 தூமானிலிருந்து 2,100 தூமானாக உயர்ந்தது. ஒரு தூமான் பத்தாயிரம் தினார்.

வறுமை மங்கோலியரையும் விட்டுவைக்கவில்லை என்பது அப்போது தெரிந்தது. சாதாரண மங்கோலிய வீரர்கள் தங்கள் பிள்ளைகளை அடிமைகளாக விற்றுக்கொண்டிருந்தார்கள். அப்படி விற்கப்பட்ட சிறுவர்களைப் பணம் கொடுத்து மீட்டு, தன் காவல்படையில் சேர்த்தார் கஸன். 1303இல் வீரர்களுக்கு நிலத்தின் வருவாயை ஒதுக்கினார். அடுத்த ஆண்டே, முப்பத்திரண்டு வயதில், இறந்துபோனார்.

அவரிடமும் அவர் தம்பி உல்ஜைத்துவிடமும் அமைச்சராக இருந்த ரஷீதுத்தீன், ஹமதானின் யூத மருத்துவக் குடும்பத்தில் பிறந்து முஸ்லிமானவர். மங்கோலியர் மட்டுமில்லாமல் சீனர், இந்தியர், பிராங்கியர் எனப்பட்ட மேற்கு ஐரோப்பியர், யூதர் எல்லோருடைய வரலாற்றையும் ஒரே நூலில் தொகுத்தார். தப்ரீஸில் ஒரு புறநகரையே எழுப்பி, தன் நூல்களை ஆண்டுதோறும் அரபியிலும் பாரசீகத்திலும் படியெடுக்க அறக்கட்டளை வைத்தார். 1318இல், உல்ஜைத்துவுக்கு விஷம் கொடுத்ததாகப் பழி சுமத்தி எழுபது வயதைத் தொட்ட அந்த மனிதரைக் கொன்றார்கள். அந்தப் புறநகரையும் சூறையாடினார்கள். உல்ஜைத்து கட்டிய சுல்தானியா நகரில் அவருடைய கல்லறை மாடம், ஏறத்தாழ 50 மீட்டர் உயரத்தில், இன்றும் நிற்கிறது.

கடைசி வலுவான ஈல்கான் அபூ சயீத். 1323இல் மம்லூக்குகளோடு சமாதானம் ஆனது, தெற்குப் பகை தீர்ந்தது. வடக்குப் பகை தீரவில்லை. தங்க நாடோடிக் கூட்டத்தின் உஸ்பெக் கான் மறுபடி அஜர்பைஜானைக் கேட்டுப் படையோடு வந்தார். அவரை எதிர்க்கக் கிளம்பிய அபூ சயீத் 1335 நவம்பரில் கராபாக்கில் இறந்தார், ஆண் வாரிசு இல்லை. அவசரமாக உட்காரவைக்கப்பட்ட அர்பா, குலாகுவின் தம்பி அரிக் புகேவின் வழிவந்தவர். அவர் உஸ்பெக்கைக் குரா ஆற்றங்கரையில் தடுத்துத் திருப்பியனுப்பினார், அடுத்த ஆண்டே தன் ஆட்களாலேயே கொல்லப்பட்டார். அதற்குப்பின் ஜலாயிர், சோபான் குடும்பங்கள் ஆளுக்கொரு பொம்மைக் கானை வைத்துக்கொண்டும், முசாபர் குடும்பம் தனியாகவும் நாட்டைப் பிய்த்தெடுத்தன. கடைசியாகக் கான் என்று உரிமை கோரிய தோகா தெமூர் 1353இல் கொல்லப்பட்டார்.

1357இல் உஸ்பெக்கின் மகன் ஜானி பெக் தப்ரீஸைப் பிடித்தார். குலாகு தன்னிடமே வைத்துக்கொண்ட அந்தப் புல்வெளி, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, ஜோச்சி வம்சத்தின் கைக்கு வந்தது. அங்கே விட்டுவந்த மகன் பெர்தி பெக், தந்தை நோயுற்ற செய்தி கேட்டு வடக்கே பதவியைப் பிடிக்க ஓடினார். சில ஆண்டுகளுக்குள் தப்ரீஸ் பாக்தாத்தின் ஜலாயிர்களிடம் போய்விட்டது.